அச்சின் அடிப்பக்கம்

அதிர்வு மேசையின் முன்னால் நின்ற முதல் நாள் நஞ்சப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது எவ்வளவு ஆடணுங்க அம்மிணி?"

உள்ளங்கையை மேசையின் விளிம்பில் வைக்கும்படி ஜெசிந்தா சொன்னாள். அவர் வைத்தார். அவள் ஆட்டத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பினாள். மேசை நடுங்கத் தொடங்கியது.

நஞ்சப்பன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"பேரிங் போயிருச்சு."

சாக்லேட் தொட்டியின் அருகில் நின்றிருந்த கனகராஜ் வாய்விட்டுச் சிரித்தான்.

"மில்லுக்காரரே, பேரிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதோட பொழப்பே அதுதானுங்க."

நஞ்சப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு நூற்பாலையில் இருபத்தொன்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். இயந்திரங்கள் ஆடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவர் வேலை. ஓடுகிற இயந்திரத்தின் மேல் டம்ளர் நிறையத் தேநீர் வைப்பார். தேநீரில் வளையம் தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்திப் பிரித்துவிடுவார். தெரியாவிட்டால் எடுத்துக் குடிப்பார்.

ஆலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். ஆலையில் இருந்த அத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

பிறகு பொள்ளாச்சி சாலையிலிருந்த இந்தச் சாக்லேட் ஆலையில் ஒரு மாதச் சோதனை வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் இரண்டாம் வரிசையின் அதிர்வு மேசையை அவர் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி அந்த நாற்காலி.

கற்றுக்கொள்ள அவரை ஜெசிந்தாவிடம் அனுப்பினார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அந்த மேசையில் ஏழு வருடமாக இருக்கிறாள்.

பார்ப்பதற்கு எளிய வேலைதான். உருகிய சாக்லேட் மேலேயிருந்து அச்சுகளில் விழும். விழுந்த இடத்தில் குவிந்து நிற்கும். மூலைகளுக்குத் தானாகப் போகாது. அச்சுகள் மேசையின் மேல் நகர்ந்து போகும்போது மேசை நடுங்கும். சாக்லேட் பரவிப் படியும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறும். பிறகு சாக்லேட் இறுகுவதற்காக அச்சுகள் நீண்ட கூடுபோன்ற குளிர் டனலுக்குள் போய்விடும். டனலின் நீளம் பதினெட்டு மீட்டர். இந்த முனையில் நுழைந்த அச்சு அந்த முனையில் வெளிவர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அங்கே அச்சைக் கவிழ்த்துத் தட்டிக் கட்டிகளை எடுப்பார்கள்.

முதல் வாரம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் வாரம் ஒரு நாள் தேநீர் இடைவேளை முடிந்து ஜெசிந்தா வந்தபோது மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"ஸ்பிரிங் நட்டெல்லாம் லூசா இருக்குது அம்மிணி. சும்மா அரைத் திருகு திருகிட்டா கம்முனு நிக்கும்."

"எத்தனை முடுக்கியிருக்கறீங்க?"

"ரெண்டு."

"மிச்சம் ரெண்டையும் முடுக்கிருங்க."

நஞ்சப்பன் சந்தோஷமாக முடுக்கினார். வெளியே வந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா மேசையை ஓடவிட்டாள். மேசை அசையவில்லை. தரை நடுங்கியது. மின்பெட்டியின் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. சுவரில் ஆணியில் தொங்கிய கனகராஜின் சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது.

"யோவ் மில்லு!" என்று கத்தினான் கனகராஜ். "ரசம் போச்சுய்யா!"

நஞ்சப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி மேசைக்கு அடியில் போனார். நான்கு நட்டுகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அதைப் பற்றி ஜெசிந்தா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கனகராஜ்தான் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வாரம் நஞ்சப்பன் ஒரு சின்ன நோட்டு வாங்கினார். குமிழில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் ஜெசிந்தா குமிழை எந்த எண்ணில் நிறுத்துகிறாள் என்று குறித்துக்கொண்டார். ஆறே கால். ஆறு. ஆறே முக்கால். ஐந்தரை. மறுபடி ஆறு. ஐந்து நாள் எழுதிவிட்டு நோட்டை அவளிடம் காட்டினார்.

"எங்க மில்லுல இதையெல்லாம் பெயின்ட்ல சுவத்துல எழுதி வெச்சிருப்போம். புதுசா வர்றவனும் ஓட்டிக்குவான். இதுல எதை எழுதறது?"

"எழுத முடியாதுங்கண்ணா. சாக்லேட் ஒரு நாளைக்கு இருக்கற மாதிரி இன்னொரு நாளைக்கு இருக்காது."

"அப்ப எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

"அதைப் பாத்துத்தான்."

"நானும்தான் பாக்கறேன்."

"ஆமாங்க. பாக்கறீங்க."

அவர் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பெண் எதையோ ஒளிக்கிறாள் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. வீட்டில் மனைவியிடம் சொன்னார். "சொல்லிக் குடுத்தா அவளுக்கு என்ன குறைஞ்சா போயிரும்?" என்றாள் மனைவி.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. மேலாளர் அனந்தகிருஷ்ணன் வந்து மேசையின் அருகில் நின்றார். அவர் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். தலைக்குல்லாயைச் சரியாகப் போடத் தெரியாமல் காதுகளை உள்ளே விட்டு அழுத்தியிருந்தார்.

"நான் அந்த முனைக்குப் போயிடறேன்" என்றாள் ஜெசிந்தா.

"இங்க நிக்கலீங்களா?"

"இன்னிக்கு மேசை உங்களுதுங்கண்ணா."

அவள் டனலின் மறுமுனைக்குப் போய்விட்டாள். நஞ்சப்பன் குமிழை ஆறில் வைத்தார். முந்தின நாள் அவள் வைத்திருந்தது அதுதான். அச்சுகள் வரத் தொடங்கின. சாக்லேட் பரவியது. சில நொடிகளில் அதன் மேல்பரப்பில் குமிழிகள் எழுந்தன. பெரியதும் சிறியதுமாக எழுந்து உடைந்து குழிகளை விட்டுப் போயின.

மேலாளர் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

நஞ்சப்பன் குமிழை ஐந்தரைக்குக் கொண்டுவந்தார். குமிழிகள் குறைந்தன. ஐந்துக்குக் கொண்டுவந்தார். இன்னும் குறைந்தன. நாலே முக்காலில் மேல்பரப்பு அடங்கிவிட்டது. கூரையிலிருந்த குழல்விளக்கு அதில் வளையாமல் நேராகத் தெரிந்தது. இருபத்தொன்பது வருடம் அவர் தேநீர் டம்ளரில் பார்த்த அமைதி அது.

"பரவாயில்லையே" என்றார் மேலாளர். தன் அறைக்குப் போனார்.

பத்தே கால் வாக்கில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. மேசை நின்று மறுபடி ஓடியது. நஞ்சப்பன் குமிழைத் தொடவில்லை. அச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக டனலுக்குள் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் அந்த நேரான விளக்கு.

இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. மறுமுனையிலிருந்து அச்சு தட்டும் சத்தம் தவிர ஒரு குரலும் வரவில்லை. கனகராஜ் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"மில்லுக்காரரே, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க. அம்மை போட்டாப்பல இருக்குது."

நஞ்சப்பன் வரிசையை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுமுனைக்கு நடந்தார்.

ஜெசிந்தா அச்சுகளைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். விழுகிற கட்டிகளை அப்படியே பக்கத்திலிருந்த நீலத் தொட்டியில் போட்டாள். திரும்ப உருக்குவதற்கான தொட்டி அது. ஒரு தொட்டி நிறைந்து, இரண்டாவது பாதி வரை வந்திருந்தது.

அவர் ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார். கட்டியின் முகத்தில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு இதழிலும் ஓட்டை. மூலைகளில் ஓட்டை. குண்டூசியால் குத்தியதுபோல எங்கும் ஓட்டை. கட்டியைத் திருப்பினார். முதுகு மழமழவென்று இருந்தது.

அச்சில் மேலே தெரிவது கட்டியின் முதுகு. முகம் அடியில் இருக்கிறது. இது அவருக்குத் தெரியாததல்ல. கட்டிகள் கவிழ்ந்து விழுவதை ஒரு மாதமாகப் பார்த்திருக்கிறார். ஆனால் குமிழைத் திருப்பிய கைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"மொத அச்சு வந்தப்பவே ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேங்க அம்மிணி."

"நிறுத்தியிருப்பீங்க."

"ஆமா, நிறுத்தியிருப்பேன்."

"சாக்லேட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்கண்ணா. உருக்கிக்கலாம்."

அவள் அடுத்த அச்சைத் தட்டினாள்.

மேலாளருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அவர் வருவதற்குள் கனகராஜ் நஞ்சப்பனின் காதருகே வந்தான்.

"இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்கறீங்க? கரண்டு போச்சில்ல? அதுல மேசை நின்னு ஓடுச்சு, அதான் இப்படின்னு சொல்லிருங்க. மின்பெட்டியிலயே பதிவாயிருக்கும். யாரு மேலயும் தப்பு வராது. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க நம்மாளு."

அவன் மெதுவாகத்தான் பேசினான். ஆனால் ஜெசிந்தாவுக்குக் கேட்காத தூரமில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேலாளர் வந்தார். தொட்டிகளைப் பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன ஆச்சு? கரண்ட் போனதாலயா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால்கூடப் போதும். கனகராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அபார்ட்மென்ட் வாசலில் இப்போது வெயில் நாற்காலியின் கால்வரை வந்திருக்கும்.

"இல்லீங்க சார். நாந்தான் குறைச்சேன்."

"எதைக் குறைச்சீங்க?"

"ஆட்டத்தை. மேலே குமிழி குமிழியா வந்துச்சு. நீங்க குனிஞ்சு பாத்தீங்க. பாக்க நல்லா இல்லீன்னு குறைச்சுட்டேன்."

"நான் பாத்ததுக்காகவா?"

"ஆமாங்க சார்."

மேலாளர் கட்டியைத் தொட்டியில் போட்டார். பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா பண்றது?"

"ரெண்டு மணிக்கு இன்னொரு தடவை ஓட்டட்டும் சார்."

"அதுவும் இப்படியே வந்தா?"

அவள் காலி அச்சுகளை அடுக்கினாள். மேலாளரே சொன்னார்.

"வந்தா என் கையில ஒண்ணும் இல்லீங்க நஞ்சப்பன். தப்பா எடுத்துக்காதீங்க."

மதியம் நஞ்சப்பன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மூடினார். ஜெசிந்தா சாப்பிட்டுவிட்டு நேராக அவரிடம் வந்தாள். கையில் ஒரு காலி அச்சு. கண்ணாடிபோல அடிப்பக்கம் வரை தெரியும் பிளாஸ்டிக் அச்சு.

"வாங்க."

சாக்லேட் தொட்டியின் குழாயைத் திறந்து அச்சில் பிடித்தாள். இரண்டு கைகளாலும் அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"அடியிலேர்ந்து பாருங்க."

அவர் குனிந்தார்.

"குனிஞ்சா பத்தாது. கீழ உக்காருங்க."

நஞ்சப்பன் தரையில் உட்கார்ந்தார். முழங்கால்கள் சத்தம் போட்டன. அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் பழுப்பு நிறத்தில் பூக்களின் வரிசை; கண்ணுக்கு நேரே ஒரு பூ. ஐந்து இதழ்.

"என்னங்க தெரியுது?"

"குமிழி. இதழோட நுனியிலயெல்லாம் ஒட்டிட்டிருக்குது."

அச்சின் விளிம்பை அவள் கட்டைவிரலால் லேசாகத் தட்டினாள்.

"இப்ப?"

"நடுங்குது. ஆனா போகல."

கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

"இப்ப?"

"ரெண்டு போயிருச்சு. நடுவுல இருந்ததும் போயிருச்சு. மூலையில ஒண்ணு கெட்டியா பிடிச்சிட்டிருக்குது."

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் கனகராஜ் பல் குத்திக்கொண்டு நின்று இருவரையும் வேடிக்கை பார்த்தான். மேலே நின்று ஒருத்தி தட்ட, கீழே ஒருவர் அண்ணாந்து உட்கார்ந்திருப்பது அவனுக்கு ஏதோ பிறந்தநாள் விழாவை நினைவுபடுத்தியிருக்க வேண்டும்.

"கேக்குல மெழுகுவர்த்தி வெக்கட்டுங்களா?" என்றான்.

இருவரும் அவனைக் கவனிக்கவில்லை.

"மூலை?" என்றாள் ஜெசிந்தா.

"போயிருச்சு. இப்ப ஒண்ணுமே இல்லை."

"எந்திரிச்சு மேலே பாருங்க."

நஞ்சப்பன் தரையில் கையூன்றி எழுந்தார். அச்சின் மேல்பரப்பு முழுக்கக் குழி குழியாக இருந்தது. மணலில் முதல் மழை விழுந்தாற்போல.

"அசிங்கமா இருக்குதே" என்றார்.

"இருக்கட்டும்."

இரண்டு மணிக்கு மேலாளர் அதே இடத்தில் வந்து நின்றார். ஜெசிந்தா மறுமுனைக்குப் போனாள். நஞ்சப்பன் வேலையைத் தொடங்குமுன் ஒரு கரண்டி சாக்லேட்டைத் தூக்கி மெல்லச் சரித்துப் பார்த்தார். காலையில் இருந்ததைவிடச் சற்றுக் கெட்டியாக விழுந்தது. குமிழை ஆறரையில் வைத்தார்.

குமிழிகள் எழுந்தன. காலையில் வந்ததைவிட அதிகம். எழுந்து, உடைந்து, பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. மேலாளர் குனிந்தார்.

நஞ்சப்பனின் வலது கை தானாகக் குமிழின் பக்கம் போயிற்று. அதை இடது கையால் பிடித்து இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"குமிழி வருதே" என்றார் மேலாளர்.

"வருதுங்க சார்."

"குறைக்கலையா?"

"இல்லீங்க சார்."

சற்று நேரத்தில் ஓர் அச்சிலிருந்து ஒரு துளி விளிம்பைத் தாண்டித் தெறித்தது. பின்னால் கட்டியிருந்த கையை அவர் விடுவித்தார். குமிழை நூலளவு திருப்பினார். அடுத்த அச்சைப் பார்த்தார். தெறிக்கவில்லை. குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன. கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

மேலாளர் இந்தத் தடவை தன் அறைக்குப் போகவில்லை. கடிகாரம் நகர்ந்தது. டனலுக்குள் என்ன நடக்கிறது என்று இந்த முனையில் நிற்பவர்களுக்கும் தெரியாது, அந்த முனையில் நிற்பவளுக்கும் தெரியாது. நஞ்சப்பனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

இரண்டு இருபத்தைந்துக்கு மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. மேலாளர் முன்னால் நடந்தார். நஞ்சப்பன் வரிசையை நிறுத்திவிட்டுப் பின்னால் போனார்.

முதல் அச்சின் கட்டிகள் பலகைமேல் முகம் மேலாகக் கிடந்தன. இருபத்து நான்கு பூக்கள். மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றின் மூலையில் மட்டும் கடுகளவு ஓர் ஓட்டை. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே இரண்டாவது அச்சையும் மூன்றாவது அச்சையும் பார்த்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டாவது வரிசை" என்றார் நஞ்சப்பனிடம். ஜெசிந்தாவிடம் அவருடைய வேலை நிரந்தரத் தாளை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து இருவரும் மேசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வெந்நீரில் நனைத்த துணியால் அவள் ஒரு பக்கமிருந்தும் அவர் ஒரு பக்கமிருந்தும் துடைத்து வந்தார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மிணி?"

"கேளுங்கண்ணா."

"காலையில சார் அவரே கரண்டான்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்லியிருந்தா, நீங்க இல்லைன்னு சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"எதுக்குங்க நான் சொல்லணும்? நீங்கதானே மேசையில நின்னது."

"அப்ப கையெழுத்து?"

"போட்டிருப்பேன்."

நஞ்சப்பன் துடைப்பதை நிறுத்தினார்.

"எப்படியும் எனக்கு வேலை கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும்."

"காலையில சொன்னேனே, அப்ப என் உசுரு எங்கிட்ட இல்லீங்க. எல்லாம் போச்சுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான்னா அதைச் சொல்லி எனக்கு என்னங்க ஆச்சு?"

ஜெசிந்தா துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.

"கரண்டுன்னு சொல்லியிருந்தா மத்தியானம் கீழ உக்காந்து பாத்திருக்க மாட்டீங்க. திங்கக்கிழமையும் குமிழி வருங்கண்ணா. அன்னிக்குக் கரண்டு போகாது."